வீரம்மாள் படம் போட்ட பொங்கல் வாழ்த்து

லூர்துசெல்வி வேலையை விடுகிறேன் என்றதும் ஸ்டுடியோ முதலாளி சிரித்தார். "எங்க போயிடப் போற? பொங்கல் முடியறதுக்குள்ள இங்கதான் வந்து நிப்ப" என்றார்.

திண்டிவனத்தில் அவர் எடுத்த படங்களில் அம்மைத் தழும்பை அழித்ததும், ஒட்டிய கன்னத்தை உப்ப வைத்ததும், கல்யாணப் பெண்களுக்குப் புருவம் தீட்டியதும் அவள் கைதான். ஆனால் கேமராவைத் தொட விடமாட்டார். பொம்பளை படமெடுத்தால் வருகிற ஆளும் திரும்பிப் போய்விடுவானாம். போகட்டுமே! அந்தச் சிரிப்பைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. எண்பத்து நாலாம் வருஷம் பாண்டிச்சேரிக்குப் போய்ப் பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, தன் வீட்டுச் சமையலறை ஜன்னலைக் கறுப்புக் கம்பளியால் மூடி, படம் கழுவச் சிவப்பு பல்பு மாட்டினாள்.

அவள் நினைப்பு இதுதான். மார்கழி பிறந்தால் கடைக்குக் கடை கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து அட்டை தொங்கவிடுவார்கள். சினிமா நடிகை, முருகன், அப்புறம் பனி மூடிய ஏதோ ஒரு மலை. நம் ஊர்ப் பனி விடிகாலையில் மூக்கை ஒழுக வைப்பதோடு சரி. அதற்கு எதற்கு வாழ்த்து? மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைகிற ஊர்க்காரனுக்கு மல்லாட்டைக் கொல்லையை அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

அனந்தபுரம் சந்தை மாடுகள், விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டைமேல் படுத்துத் தூங்கும் போர்ட்டர் என்று நிறைய எடுத்தாள். எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது பக்கத்துக் கிராமத்து வீரம்மாளின் படம். பிடுங்கிய மல்லாட்டைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த வீரம்மாள், யாரோ சொன்ன கேலிக்கு வாய்விட்டுச் சிரித்த நேரம் அது. "அக்கா, படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுத்தான் எடுத்தாள். கடையில் விற்கப்போவதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மாட்டேன் என்றுவிடுவாளோ என்ற பயம்.

படங்களை போஸ்ட்கார்டு அளவில் கழுவிக் காயவைத்து, பின்பக்கம் 'எடுத்தது: லூர்துசெல்வி' என்று ரப்பர் முத்திரை குத்தினாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பத்திரிகைக் கடை வைத்திருந்த சுப்பராயலு முனகிக்கொண்டே வாங்கித் தொங்கவிட்டார். விளம்பரத்துக்கு இருக்கட்டுமே என்று வீரம்மாள் படத்தை மட்டும் பெரிதாக்கி அட்டையில் ஒட்டிக் கொடுத்தாள். அவர் அதைச் சாமி படத்துக்குக் கீழே மாட்டினார். சாமிக்குப் போட்ட சாமந்தி மாலை கீழே இறங்கி வீரம்மாளின் கழுத்துக்கும் ஆயிற்று.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணைத் தனியாகப் படமெடுப்பது பெரும்பாலும் அவள் செத்த பிறகுதான். பிணத்தை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடுவார்கள். அப்படி வந்த படங்களில் மூடிய கண்களைத் திறந்தாற்போல் வரைந்து கொடுத்தவளே லூர்துசெல்விதான். அவளுக்கே அது தோன்றாமல் போயிற்று பாருங்கள்.

வீரம்மாளின் அண்ணன் அப்பாதுரை, விக்கிரவாண்டிக்காரர், மெட்ராஸிலிருந்து திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டார். தங்கச்சி படம், பெரிதாக, மாலையோடு. இறங்கி விசாரிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஊர் போய்ச் சேர்ந்தவர் பங்காளிகளைத் திரட்டி, செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போர்த்துகிற கோடிப் புடவை ஒன்றை வாங்கிக்கொண்டு, வீரம்மாளின் ஊரில் போய் இறங்கினார். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு தெருவில் நுழைந்தார்கள்.

சத்தம் கேட்டு வீரம்மாள் சாணிக் கையோடு ஓடி வந்தாள். "அய்யய்யோ, யாரு அண்ணி பூட்டாங்க?"

"நீதாண்டி!" என்றாள் அண்ணி.

ஊரே சிரித்தது. அப்பாதுரைக்கு அந்தச் சிரிப்புதான் ஆறவில்லை. வீரம்மாள் புருஷன் ராஜாமணியையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் படத்தைக் கிழித்தார். சுப்பராயலு மீதி அட்டைகளைக் காகிதத்தில் சுற்றி லூர்துசெல்வியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். சேதி பஸ்ஸைவிட வேகமாக விழுப்புரம் போக, அங்கேயும் கடைக்காரர்கள் அட்டை வேண்டாம் என்றார்கள். சாயங்காலம் அண்ணனும் புருஷனும் லூர்துசெல்வி வாசலில் நின்றார்கள்.

"நெகட்டிவ எடும்மா. இங்கயே கொளுத்தணும்" என்றார் அப்பாதுரை.

அதைக் கொடுத்தால் மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டியதுதான். இனி எந்த வீட்டுப் பெண்ணும் அவள் கேமராவுக்கு முன்னால் நிற்கமாட்டாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிலைப்படியை விட்டு நகரவில்லை.

"மூஞ்சி யாருதுங்க? உங்களுதா?" என்று கேட்டாள். "வீரம்மா அக்கா வந்து கொளுத்துன்னு சொல்லட்டும். நானே தீக்குச்சி கிழிக்கிறேன். நீங்க சொல்லி நான் ஏன் குடுக்கணும்?"

"பொம்பளைக்கு இவ்ளோ திமிரா?" என்றார் ராஜாமணி.

"ஆமாங்க" என்றாள்.

மறுநாள் காலை வீரம்மாளை அழைத்துக்கொண்டு வந்தார்கள். லூர்துசெல்வி அவள் புடவையையே பார்த்தாள். வீரம்மாள் கட்டியிருந்தது அந்தக் கோடிப் புடவையை.

"என்னா பாக்கற? பொறந்த வூட்டுப் புடவ. செத்தப்புறம் போத்தினா எனக்கு என்னா தெரியப்போவுது? எங்க, அந்தப் படத்தக் காட்டு. எல்லாரும் பாத்துட்டாங்க, நான்தான் பாக்கல."

லூர்துசெல்வி ஓர் அட்டையைக் கொடுத்தாள். வீரம்மாள் வெளிச்சத்துக்குப் போய் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"நான் இப்படியா சிரிக்கிறேன்?"

அவள் ஆண்கள் பக்கம் திரும்பினாள். "நான் உசுரோட இருக்கசொல்ல ஒரு படம் புடிக்கணும்னு உங்கள்ல எவனுக்காச்சும் தோணுச்சா? செத்து கண்ண மூடிக்கினு கெடந்தா மட்டும் படக்காரன ஜல்தியா கூட்டியாருவீங்க. கடையில தொங்கினது நானு. வெக்கம்னா எனக்குத்தான் வரணும். வரலியே!"

"ஊரு சிரிக்குது வீரம்மா" என்றார் அண்ணன்.

"நானுந்தான் சிரிக்கிறேன், படத்துல."

பிறகு லூர்துசெல்வியைப் பார்த்தாள். பார்வையில் சூடு இருந்தது. "நீ மட்டும் என்னா யோக்கியம்? விக்கப்போறேன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"சொல்லலக்கா. தப்புதான்." ஒற்றை வார்த்தையில் எல்லாம் போய்விடும் என்று தெரிந்தும் கேட்டாள். "இப்ப கேக்கறேன். விக்கட்டுமா, கொளுத்தட்டுமா?"

"வித்துக்கோ. பேரையும் போடு. வீரம்மாள்னு முழுசா போடு."

லூர்துசெல்வி அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்ச் சிவப்பு பல்பைப் போட்டாள்.

அவ்வளவுக்குப் பிறகும் சுப்பராயலு அட்டையைத் தொங்கவிட மறுத்தார். எதற்கு பேஜாரு என்றார். விழுப்புரத்திலும் அதே பாட்டு. அவள் யாரையும் கெஞ்சவில்லை. தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, முறுக்கு விற்கிறவர்களோடு தானும் பஸ் பஸ்ஸாக ஓடினாள். திண்டிவனத்தில் காலையிலும் விழுப்புரத்தில் மாலையிலும் அவள் குரல் கேட்டது.

"உசுரோட இருக்கறவங்க படம்! பொங்கல் வாழ்த்து! உசுரோட இருக்கறவங்க படம்!"

சிலர் வாங்கினார்கள். சிலர் முகத்தைச் சுளித்து ஜன்னல் கண்ணாடியை இறக்கி மூடிவிட்டார்கள். இறக்கினால் இறக்கட்டும் என்று அவள் அடுத்த ஜன்னலுக்குப் போனாள்.