லிட்டருக்கு இருபத்திரண்டு

டயாலிசிஸ் முடிந்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விடும் டிரைவரம்மாவை அந்த ஆஸ்பத்திரியில் தெரியாதவர் கிடையாது. பன்னிரண்டு வருஷம் பழைய டீசல் வேனோடு மல்லுக்கட்டியவள். அந்த கிளட்சை மிதிக்க ஓர் ஆள் பத்தாது. மிதித்து மிதித்து இடது முட்டி போயே போய்விட்டது. மாடிப்படி ஏறினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆறு மாதத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார் ஒன்று வாங்கி, சாவியை அவள் கையில் கொடுத்தது. அதில் கிளட்சே இல்லை. "இந்தக் கால் சும்மா உக்காந்துட்டே வருதுங்க" என்று அன்று கணவனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் மண்ணைப் போட்டது ஒரு பலகை. வண்டிகளுக்குப் பொறுப்பான அதிகாரி, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மனிதர், டிரைவர்கள் அறையில் அதை மாட்டி ஒவ்வொரு வண்டியின் மைலேஜையும் எழுதினார். ஹைபிரிட் லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் மாதக் கடைசியில் டிரைவர் மாறுவார் என்றார். அவள் வண்டிக்கு வந்திருந்த எண் பதினேழு.

அவளும் சும்மா இருக்கவில்லை. டயருக்குக் காற்று பார்த்தாள். டிக்கியில் கிடந்த சுமையை இறக்கினாள். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்து, வேகம் குறையக் குறைய பேட்டரி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே போனாள். பத்தொன்பது வந்தது, அதற்கு மேல் நகரவில்லை. நாலு மணி நேரம் மெஷினோடு கிடந்தவர்கள் வாசலுக்கு நடந்துவரவே கால் மணி ஆகும். அவர்கள் உட்காரும்போது வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். ஏசி இழுக்க இழுக்க பேட்டரி இறங்கும், இன்ஜின் விழித்துக்கொள்ளும். போதாததற்கு, அவர்களில் ஒருவரான, ஒரு காலத்தில் புத்தகம் பைண்டிங் செய்துவந்த பைண்டர் தாத்தாவின் வீடு செங்குத்தான மேட்டின் உச்சியில்.

முகம் ஏன் வாடியிருக்கிறது என்று தாத்தா ஒருநாள் கேட்க, பலகை, வேன், முட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மறுவாரமே அதிசயம் நடந்தது. ஆடி அசைந்து வருகிறவர்கள் வண்டிக்கு முன்னாலேயே வாசலில் நின்றார்கள். ஓர் அம்மாள் நெற்றியில் வியர்வை வழிய, தனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது என்று சாதித்தாள். பைண்டர் தாத்தா, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று மேட்டின் அடியிலேயே இறங்கிக்கொண்டார். எண் இருபத்தொன்றைத் தொட்டது. நல்ல காலம் பிறந்துவிட்டதென்று நம்பினாள் பைத்தியக்காரி.

ஒரு மதியம் தாத்தாவை மேட்டடியில் இறக்கிவிட்டு, பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு வண்டியைத் திருப்பும்போதுதான் கண்ணாடியில் பார்த்தாள். பாதி மேட்டில் யார் வீட்டுப் படியிலோ அவர் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"இன்னும் ஒண்ணுதானம்மா," என்றார் மூச்சு வாங்க. "இருபத்திரண்டு ஆயிடும்."

இத்தனை நாள் வண்டி ஓடியது பெட்ரோலில் அல்ல, இவர்கள் உயிரில் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவரைத் தாங்கிப் பிடித்து ஏற்றி, ஏசியை முழுசாக வைத்து, இன்ஜின் உறும மேட்டின் உச்சிவரை கொண்டுபோய் விட்டாள்.

அன்றிலிருந்து எல்லோரையும் முழு ஏசியில் வீட்டு வாசல்வரையே கொண்டுபோய் விட்டாள். மாதக் கடைசியில் மறுபடியும் பதினேழு. அதிகாரி காரணம் கேட்டார். அவள் காரணம் சொல்லாமல் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நோயாளிகள் நடந்ததைச் சொன்னால், எல்லோரையும் மேட்டடியிலேயே இறக்கு என்று அதையே சட்டமாக்கினாலும் ஆக்குவார். சாவி, பலகையில் எப்போதும் முதலில் நிற்கும் 'சொட்டு' என்பவனுக்குப் போனது. சொட்டு பெட்ரோலைக்கூட வீணாக்காத கஞ்சன், பெயர் அப்படி வந்தது. அவள் வேனுக்குத் திரும்பினாள். இரண்டாம் நாளே முட்டி வீங்கிவிட்டது.

அடுத்த மாதக் கடைசியில் அவள் வேனை நிறுத்திவிட்டு, இறங்கத் தெம்பில்லாமல் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொட்டு வந்து கதவைத் திறந்தான். தாத்தாவைக் கொண்டுபோய் விடும்போது அதிகாரியையும் அந்த மேட்டுக்கு ஒரு தடவை கூட்டிப்போனானாம். வந்ததும் அவரே பலகையிலிருந்து அந்த வண்டியை அழித்துவிட்டாராம். வேனை இனிமேல் தான் ஓட்டிக்கொள்வதாகச் சொல்லி, கார் சாவியை அவள் மடியில் வைத்தான். போனவன் திரும்பி வந்து, வெட்கத்தோடு கேட்டான்.

"எனக்குப் பதினஞ்சுதாங்கக்கா வந்துச்சு. நீங்க எப்படிப் பதினேழு வாங்குனீங்க?"