போர்வையின் அடிப்பக்கம்

வெள்ளிக்கிழமைத் தையல் தோழிகளே, படித்ததும் இதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

துணியைக் கையால் நகர்த்தி மிஷினில் நான் பூப்போட்ட பஞ்சுப் போர்வையை, இன்று மேட்டுப்பாளையத்தில் தங்கையின் குழந்தைக்குப் போர்த்தினேன். சற்று நேரத்தில் குழந்தை வீறிட்டது. அடிப்பக்கம் தொங்கிய நூல், கால்விரலைச் சுற்றி இறுக்கியிருந்தது. விரல் கன்றிச் சிவந்துவிட்டது.

தங்கை கத்தரியால் நூலை வெட்டிவிட்டுப் போர்வையைத் திருப்பினாள். அடி முழுக்கச் சிக்கு.

"ஏனக்கா, துணிய அழுத்தற மிஷின் பாதத்தைக் கழட்டிப்போட்டு, அதோட பிடியை எறக்காமயே தெச்சயா? எறக்காட்டி நூலு இறுகாதே! இத்தனை பேர் கூடித் தெக்கறீங்க, ஒருத்தரும் சொல்லலையா?"

சொன்னீர்களே, ஐந்து பேரும். "ரொம்ப நல்லாருக்குதுங்க அம்மணி."

ரயிலில் திரும்பும்போது அழுகையாக வந்தது. உங்களில் ஒருத்தியின் போர்வையில் பஞ்செல்லாம் ஒரே மூலையில் திரண்டிருந்ததைப் பார்த்தும், நானும் "நல்லாருக்குதுங்க" என்றுதான் சொன்னேன். அது யாருடையது என்று எழுத இப்போதும் கை வரவில்லை.

என் போர்வையின் அடியை யார் யார் பார்த்தீர்கள்? இதன் கீழேயே எழுதுங்கள். 'ங்க' போடாமல் எழுதினால் நம்புகிறேன்.