சவரியப்பன் வீட்டு உளவுத்துறை

மற்றவன் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவர் சவரியப்பன். ஓசூர் சிப்காட்டில் லாரிக்குப் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். இருபத்திரண்டு வருடமாக மைக்ரோமீட்டரும் கையுமாக நின்று நின்று, மனிதர்களைக்கூட ஒரு கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியாரின் பிரசங்கம் இந்த வாரம் எத்தனை நிமிடம் கூடுதல் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிற மனிதர்.

குடி கிடையாது. சீட்டு கிடையாது. அதில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால்கூடத் தேவலையே என்று அவர் மனைவி சூசைமேரி மாதா கெபியில் எத்தனையோ மெழுகுவர்த்தி உருகும்வரை அழுதிருக்கிறாள். ஏனென்றால் அவருக்கு இருந்தது பழைய புத்தகம் சேர்க்கிற பழக்கம். கதை, கவிதை, ஜெபமாலை விளக்கம் என்று இருந்தாலும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டிக்கொள்ளலாம். சவரியப்பன் சேர்த்ததெல்லாம் பயங்கரவாதம், உளவு, நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கிற சண்டை சச்சரவு. அட்டையில் துப்பாக்கியோ, எரிகிற கட்டடமோ, கறுப்புக் கண்ணாடி போட்ட ஆளோ இருந்தால் அவருக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

பேடரப்பள்ளியில் இரண்டு அறை உள்ள வாடகை வீடு. கட்டிலுக்கு அடியில் மத்தியக் கிழக்கு. பீரோவுக்கு மேலே ஆப்கானிஸ்தான். சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் பனிப்போர். திருஇருதயப் படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி ஏற்றுகிற பலகையில் விமானக் கடத்தல் பற்றி இரண்டு தடித்த புத்தகங்கள்.

"ஏசுவே, உம்ம காலடியிலயே குண்டு வெச்சிருக்காரு பாரும்" என்று சொல்லிவிட்டுத்தான் சூசைமேரி தினமும் ஜெபத்தை ஆரம்பிப்பாள்.

இந்தச் சரக்கெல்லாம் பெங்களூரிலிருந்து வந்தது. அங்கே ஓய்வு பெற்ற பெரிய மனிதர் யாராவது கண்ணை மூடினால், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து ஒரு வார விடுப்பில் வந்து அப்பாவின் அலமாரியை மூட்டை கட்டி எடைக்குப் போட்டுவிடுவார்கள். அந்த மூட்டைகள் அத்திப்பள்ளி தாண்டி, ஜூஜுவாடி தாண்டி, பாகலூர் ரோட்டில் கோவிந்தப்பன் நடத்தும் பழைய பேப்பர் குடோனில் வந்து இறங்கும். அங்கே கருப்பாயி உட்கார்ந்து பிரிப்பாள். கெட்டி அட்டையைக் கிழித்து ஒரு பக்கம், உள்தாளை ஒரு பக்கம். இரண்டும் கலந்து போனால் மில்காரன் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவான்.

கருப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் உலக அரசியலை அவளைப்போலத் தரம் பிரிக்க ஆளில்லை. "அண்ணா, ரெண்டு துப்பாக்கி, ஒரு தாடிக்காரன் வந்துக்கீது, எடுத்து வெச்சிருக்கறன்" என்று போன் செய்வாள். சவரியப்பன் ஷிப்ட் முடிந்த கையோடு மொபெட்டில் பறப்பார்.

அப்படி ஒருநாள் ஒரே மூட்டையில் ஏழு புத்தகங்கள் கிடைத்தன. ஏழிலும் முதல் பக்கத்தில் 'எஸ்.ஆர்., ஜெயநகர்' என்று ஆங்கிலத்தில் கையெழுத்து. உள்ளே ஓரங்களில் பென்சிலால் பொடிப்பொடியாகக் கன்னட எழுத்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. சவரியப்பன் கன்னடம் சரளமாகப் பேசுவார், தேவைப்பட்டால் திட்டுவார். படிக்க மட்டும் தெரியாது. தேதி போட்டு, சுருக்கமாக, யாருக்கும் தெரியாமல் ஓரத்தில் எழுதுகிறவன் யார்? அவருடைய இடது கண் சுருங்கியது. ஏஜென்ட்!

ஓசூரில் எந்த டீக்கடைக்காரரிடம் நீட்டியிருந்தாலும் அரை நிமிடத்தில் படித்துச் சொல்லியிருப்பார். சவரியப்பன் ஒருவரிடமும் நீட்டவில்லை. தேச ரகசியம் டீக்கடையில் கசியலாமா? இரண்டு வருடமாக அந்த ஏழு புத்தகங்களையும் பீரோவுக்குப் பின்னால் அடுக்கி வைத்து, கம்பெனியில் வேண்டாமென்று கிடந்த சிவப்பு அட்டைகளை ஒவ்வொன்றிலும் நூல் போட்டுக் கட்டியிருந்தார். அவருடைய கம்பெனியில் சிவப்பு அட்டை கட்டிய பொருளை அவர் சொல்லாமல் யாரும் தொட முடியாது.

அங்கேதான் விதி சிரித்தது.

டிசம்பர் மாதம். கிறிஸ்மஸ் குடில் வைக்க வீட்டில் இடம் தேடிக்கொண்டிருந்தாள் சூசைமேரி. அவளும் சிப்காட்டில்தான் வேலை, சுவிட்சு செய்யும் கம்பெனியில் அசெம்ப்ளி லைன். பீரோவை நகர்த்தியபோது சிவப்பு அட்டை தொங்கும் ஏழு புத்தகங்களைப் பார்த்தாள். கையிலிருந்த துடைப்பம் நழுவியது. இத்தனை வருடம் கழித்து இந்த மனுஷன் தானாகவே ஏழு புத்தகத்தைக் கழித்து வைத்திருக்கிறாரே! வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு அட்டை கட்டி வைத்திருக்கிறாரே! அவள் கண்களில் நீர் திரையிட்டது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே தெருவில் வந்த பழைய பேப்பர்க்காரர் வெங்கடசாமியின் வண்டியில் ஏழு புத்தகத்தையும் ஏற்றினாள். கிடைத்த காசில் குடிலுக்கு ஒரு மண் ஒட்டகம் வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மூன்று மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்து சவரியப்பன் வீட்டுக்குள் வந்தார். பீரோ நகர்ந்திருந்தது; அந்த இடத்தில் ஒட்டகம் நின்றது.

"மேரி, இங்க ஏழு புத்தகம் இருந்துதே?"

"செவப்பு அட்டை கட்னதா? போட்டாச்சி." அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க போட்ட?"

"வெங்கடசாமி வண்டியில. எனக்காக நீங்க இம்மாஞ் செஞ்சீங்களேன்னு ராத்திரியெல்லாம் நெனச்சிக்கினே இருந்தங்க."

சவரியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார். "செவப்புன்னா என்னான்னு தெரியாதா உனக்கு?"

"ஏன் தெரியாம? பன்னெண்டு வருசமா லைன்ல நிக்கறன். செவப்புன்னா ஸ்கிராப். வெள்ளிக்கெழம சாயங்காலம் கம்பெனி கேட்டத் தாண்டி வெளிய போயிடணும்."

"அது உங்க கம்பெனி! எங்க கம்பெனியில செவப்புன்னா ஹோல்டு! நான் சொல்ற வரிக்கும் பிளான்ட் மேனேஜர்கூடத் தொடக்கூடாது!"

"அப்ப அந்த பிளான்ட் மேனேஜரையே கட்டிக்கினு குடும்பம் நடத்தியிருக்கறது!"

சூசைமேரியின் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. சவரியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். வெங்கடசாமி சரக்கைக் கொட்டுவது கோவிந்தப்பன் குடோனில்தான். சனிக்கிழமை நாலரைக்கு மில் லாரி கிளம்பிவிடும். மொபெட்டை உதைத்தபோது பின்சீட்டு அழுந்தியது. சூசைமேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்கு?"

"நான் என்னா தப்புப் பண்ணன்னு நாலு பேரு எதுருல கேக்கறதுக்கு."

வழியெல்லாம் மொபெட்தான் இருமிக்கொண்டே போனது.

குடோனில் லாரி பாதிக்குமேல் நிரம்பியிருந்தது. கருப்பாயி இவர்களைக் கண்டதும் ஒரு கட்டுக்குப் பின்னாலிருந்து ஆறு புத்தகங்களைத் தூக்கி வந்தாள்.

"என்னாண்ணா, நான் குடுத்த துப்பாக்கியெல்லாம் எங்கிட்டயே திரும்பி வந்துக்கீது? எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன்."

சவரியப்பன் எண்ணினார். "ஏழாவது?"

கருப்பாயி தலையைச் சொறிந்தாள். "அதுல துப்பாக்கியும் இல்ல, தாடியும் இல்லண்ணா. வெறும் மேப்பு. நான் என்னாத்தக் கண்டன்?" கிழித்த தாள் குவியலில் கையை விட்டு, அட்டையில்லாத அரைப் புத்தகத்தை எடுத்தாள். "மீதி கட்டுக்குள்ள போயிடிச்சி."

அதை அவள் கையிலிருந்து வாங்கியது கோவிந்தப்பன். கர்நாடக எல்லையோரத் தளிக்காரர். ஏழாவது வரை கன்னட மீடியம். ஓரத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. தொப்பை குலுங்கியது.

"படிக்காதீங்க!" சவரியப்பன் பாய்ந்தார். "அது தேசத்து விசயம்!"

"தேசமா? கேளு சார். 'மார்ச் பதினாலு. இன்றும் சாரில் உப்பு இல்லை. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.'"

சவரியப்பன் விடவில்லை. "உப்புங்கறது கோடு வேர்டா இருக்கும்."

"சாருன்னா ரசம் சார். உப்புன்னா உப்பு."

இரண்டு வருடமாக நெஞ்சில் கட்டிய கோட்டை ஒரு கரண்டி ரசத்தில் கரைந்தது. சவரியப்பன் ஒரு பேப்பர்க் கட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அவரைத் தேற்ற வேண்டிய சூசைமேரியோ அவரைத் தாண்டி கோவிந்தப்பன் பக்கத்தில் போய் நின்றாள்.

"எதுக்குண்ணா அவங்களுக்குள்ள சண்டை?"

"அது முன்னாடி புக்குல இருக்கும்மா." கோவிந்தப்பன் ஆறையும் தேதிவாரியாக அடுக்கி முதலாவதைப் பிரித்தார். "'பிப்ரவரி இருபது. அலமாரி நிறைந்துவிட்டது என்றாள். இனி ஒரு புத்தகம் வீட்டுக்குள் வந்தால் என்னோடு பேச வேண்டாம் என்றாள். இன்று இரண்டு வாங்கினேன்.'"

கருப்பாயி கைதட்டினாள். சூசைமேரி திரும்பிக் கணவனைப் பார்த்த பார்வையில் ஒரு ஊரையே கொளுத்தலாம்.

லோடு ஏற்றுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். டிரைவர் ராமப்பன் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு அவரும் இறங்கி வந்தார். கோவிந்தப்பன் குரலை ஏற்றி இறக்கிப் படித்தார். பணயக் கைதிகளைப் பிடித்து வைத்திருப்பவர்களோடு பேச்சுவார்த்தை நடத்துவது எப்படி என்ற அத்தியாயத்தின் ஓரத்தில், 'முயன்று பார்த்தேன். பலிக்கவில்லை' என்று இருந்தது. அணு ஆயுதம் பற்றிய படத்துக்குக் கீழே, 'இன்று மைத்துனன் வந்தான்.' எல்லைச் சண்டைக்கு நடுவில், 'கட்டிலுக்கு இடையே ஒரு தலையணை வைத்திருக்கிறாள்.'

"பாவம் அந்தம்மா" என்றாள் சூசைமேரி.

"பாவம் அந்தாளு" என்றார் சவரியப்பன்.

"நீங்க சும்மா இருங்க. மேல படிங்கண்ணா."

ஆறு புத்தகம் தீர்ந்தது. அரைப் புத்தகத்தின் கடைசித் தாளுக்கு வந்தார் கோவிந்தப்பன். குரல் தானாகவே தணிந்தது. "'ஏப்ரல் ஒன்பது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இது எந்த நாடு என்று கேட்டாள்.'"

அதற்குமேல் தாள் இல்லை.

"அப்பறம்?" என்றாள் சூசைமேரி.

"அப்பறம் கட்டுக்குள்ளம்மா. கட்டு லாரி மேல."

"எறக்குங்க."

"என்னம்மா வெளையாடற? கம்பி போட்டு இறுக்கனது. லேட்டானா மில் கேட்ட மூடிடுவாங்க."

"மூடுனா மூடட்டும். அந்தம்மா பேசுனாங்களா இல்லியான்னு தெரியாம நான் எப்பிடிண்ணா வூட்டுக்குப் போயி ஒல வெப்பேன்?" நேற்று தன் கையாலேயே வண்டியில் ஏற்றியவள், இன்று அதே கையால் லாரியின் பின்கதவைப் பிடித்துத் தொங்கினாள். ஆச்சரியம் என்னவென்றால், "எறக்குப்பா, எனக்கும் தெரியணும்" என்று முதலில் மேலே ஏறியது ராமப்பன்தான்.

கட்டு இறங்கியது. கம்பி அறுந்தது. எட்டுப் பேர் குனிந்து கலைத்தார்கள். "இந்தா, மேப்பு புக்கு!" என்று தாளின் மணத்தை வைத்தே கண்டுபிடித்ததுபோலக் கருப்பாயி ஒரு கொத்தை உருவினாள். கோவிந்தப்பன் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஓரம் காலி. அடுத்த தாள், காலி. கடைசிவரை ஒரு பென்சில் கோடுகூட இல்லை.

எல்லோருடைய முகமும் விழுந்தது. செத்துப் போயிருப்பாரோ என்று ஒருவர் முணுமுணுத்தார். சவரியப்பன் அந்தத் தாள்களை வாங்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பக்கத்து ஓரங்களில் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது.

"கடைசிப் பக்கம் வரிக்கும் படிச்சிருக்காரு. எழுதத்தான் இல்ல."

"எழுத நேரம் ஏது?" என்றாள் சூசைமேரி. "பேசிக்கினு இருந்திருப்பாங்க."

கருப்பாயி மூக்கைச் சிந்தினாள். லாரி அன்று ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது.

திரும்பும்போது ஏழு புத்தகங்களும் சூசைமேரியின் மடியில் இருந்தன, ஏழாவதன் அரையும் உருவிய தாள்களும் ஒரே சணல்கட்டில். ஓசூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினார்கள்.

"குடிலுக்கு மலை வேணும்" என்றாள் அவள். "இதுங்கள அடுக்கி மேல காக்கிப் பேப்பரு போத்தினா மலை. ஒட்டகத்த அது மேல நிறுத்திடலாம்."

"கிறிஸ்மஸ் முடிஞ்சதும்?"

"அப்பப் பாத்துக்கலாம்." கொஞ்சம் தயங்கினாள். "ஆமா, அந்த மேப்பு புக்கு, அது எந்த நாடுங்க?"

சவரியப்பன் மொபெட்டின் வேகத்தைக் குறைத்தார். இருபத்து மூன்று வருட இல்லறத்தில் அவரை யாரும் கேட்காத கேள்வி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் உலகப் போரிலிருந்து ஆரம்பித்தார்.

வீட்டை நெருங்கி மூக்கண்டப்பள்ளி வந்தபோது அவர் இன்னும் முதல் உலகப் போரிலேயே இருந்தார். சூசைமேரி மடியிலிருந்த மலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாதாவை நினைத்து, "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள்.