நாலாம் பாத்தியில் நின்றவன்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். நீங்கள் சிரித்தாலும் சரி, இதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

மலாயாவில் ரப்பர் விலை படுத்துப்போய்த் தோட்டங்களில் ஆள் குறைத்த காலம். மூவாரில் கருவாட்டு வியாபாரம் செய்த, தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளி கடலோரத்தில் உப்பளம் போட்டார். மழை ஊரில் உப்பளமா என்று எல்லாரும் கேலி செய்தார்கள். நான் தூத்துக்குடிக்காரன், உப்பு வாரத் தெரிந்தவன் என்று என்னைக் கங்காணியாக வைத்தார். முதல் வாரல் சரியாக வராவிட்டால் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும்.

முதல் வாரல் அன்று காலை, கூலியாள் சவரிமுத்து காய்ச்சலோடு வந்து நின்றான். "அண்ணாச்சி, இன்னிக்கு ஒரு நாள் விட்டுருங்க. நிக்க முடியல."

"நடிக்காதலே. மத்தியானம் பாத்தியில நிக்கணும்" என்றேன்.

மூன்று மணிக்கு மேகம் திரண்டுவிட்டது. மழை விழுந்தால் விளைந்ததெல்லாம் கரைந்துவிடும், ஓடி ஓடி வாரிக்கொண்டிருக்கிறோம், நாலாம் பாத்தியில் சவரிமுத்து முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கிறான், கையில் உப்பு வாரும் பலகைகூட இல்லை. கூப்பிட்டேன், திட்டினேன், திரும்பவே இல்லை. வந்த ஆத்திரத்தில் வரப்புச் சேற்றை அள்ளி எறிந்தேன். அது அவன் முதுகில் சொத்தென்று விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். குனிந்து நிமிர்வதற்குள் ஆளைக் காணோம். கிட்டே போய்ப் பார்த்தால் அந்தப் பாத்தியில் உப்பு ஏடு உடையாமல் அப்படியே கிடக்கிறது, ஒரு கால்தடம் இல்லை.

மழை எல்லாவற்றையும் கரைத்துவிட்டது. அந்தக் கோபத்தோடு அவன் குடியிருந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்குப் போனேன். அவன் மனைவி லூர்து அழுதுகொண்டிருந்தாள். சவரிமுத்து செத்துப்போயிருந்தான்.

"காலையில வந்து படுத்தவரு பாய விட்டு எந்திரிக்கவே இல்ல அண்ணாச்சி. மழைக்குக் கொஞ்சம் முந்தி, 'வந்துட்டேன், எறியாதீங்க'ன்னாரு. அதோட சரி. யாரச் சொன்னாரு?"

"காய்ச்சல்ல பொலம்பியிருப்பான்மா" என்றேன்.

குளிப்பாட்டுவதற்காக நான்தான் உடம்பைப் புரட்டினேன். முதுகில் அளத்துச் சேறு, ஈரம்கூடக் காயவில்லை. லூர்து தண்ணீர் எடுத்து வருவதற்குள் என் துண்டால் துடைத்துவிட்டேன். வெட்கக்கேடு, அப்போதும் என் பயமெல்லாம் அவள் பார்த்துவிடுவாளோ என்பதுதான்.

அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைக் கும்பிட்டாள். "நீங்க லீவு குடுத்துட்டீங்கன்னு சொன்னாரு அண்ணாச்சி. அதனாலதான் என் மடியிலயாவது உசிரு போச்சு."

துண்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு தலையாட்டினேன். அந்த ஈரம் இன்றைக்கும் சில நாள் விலாவில் படுகிறது.