தின்னர் வாசத்தில் ஒன்பது மாதம்

கர்ப்பம் என்று சொன்ன மறுநாளே தொழிற்சாலையில் என்னைப் புகை வராத மேசைக்கு மாற்றிவிட்டார்கள். மின்னணுச் சாமான் செய்யும் இடம். புதிதாகச் சேருபவர்களுக்கு ரசாயன டின்களின் எச்சரிக்கைத் தாளைப் படித்துக் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. கர்ப்பிணிகள் பக்கத்தில் போகக்கூடாது என்ற வரி எனக்கு மனப்பாடம்.

வீட்டில் காவல் இன்னும் பலம். மாமியார் பப்பாளியை வாசலோடு திருப்பி அனுப்பினார். அன்னாசி என்ற பேச்சே எடுக்கக்கூடாது. தம்போயில் எங்கள் வீட்டை ஒட்டியே கணவருக்குக் கார் பெயிண்ட் அடிக்கும் பட்டறை. அதன் கூரை ஒழுகும் என்பதால், பெயிண்டில் கலக்க வாங்கி, பாதி உபயோகித்த தின்னர் டின்களை எங்கள் படுக்கையறை மூலையில் அடுக்கியிருந்தார். டின் நனையக்கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

"வாசம் அடிக்குதுங்க" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"பதினஞ்சு வருஷமா இதைத்தான் இழுக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு லா?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமினார். எதற்கு வம்பு என்று நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் மாதத்தில் சூரிய கிரகணம் வந்தது. ஒரு கதிர்கூட என்மேல் படக்கூடாது என்று மாமியார் படுக்கையறை ஜன்னலையும் கதவிடுக்குகளையும் பழைய பேப்பர் வைத்து அடைத்தார். பட்டறையில் காருக்கு ஒட்டும் டேப்பை வைத்துக் கணவர் ஓரங்களை ஒட்டினார். தொழில்காரர் அல்லவா, காற்றுகூட நுழையாது. நான்கு மணி நேரம் உள்ளே நானும் டின்களும். தலை சுற்றி வாந்தி எடுத்தேன்.

"பாத்தியா, இவ்வளவு அடைச்சும் கிரகணம் எப்படி வேலை காட்டுதுன்னு!" என்றார் மாமியார் வெளியிலிருந்து.

ஏழாம் மாத ஸ்கேனில் பிள்ளையின் வளர்ச்சி போதவில்லை. வேலையிடத்தில் ரசாயனம் உண்டா என்று டாக்டர் கேட்டார். எங்கள் கம்பெனியில் கட்டுப்பாடு அதிகம் என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. கணவர் பக்கத்தில் இருந்ததால் நானும் சொல்லவில்லை.

மாதம் நிறைந்துதான் மகள் பிறந்தாள், ஆனால் இரண்டு கிலோதான் இருந்தாள். "எங்கேயோ ஒரு ஓட்டைய அடைக்காம விட்டுட்டேன் போல" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் அழுதார். அந்த அழுகை நிஜம், அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

பிள்ளையை எடை பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸ், தமிழ்ப் பெண், அறைக்குள் காலை வைத்ததும் மூக்கைப் பொத்தினார்.

"அலமாக்! இங்கயா பேபிய வச்சிருக்கீங்க? இதனாலதான் சிறுசா பிறந்துச்சுன்னு நான் சொல்ல முடியாது. ஆனா வயித்துல இருந்தப்பவும் இந்தக் காத்தைத்தானே கொடுத்தீங்க?"

வெட்கம் தாங்கவில்லை. அவர் போனதும் கணவரைக் கூப்பிட்டேன். "டின்னை எடுக்கிறீங்களா, இல்ல பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் ஸ்கூடாய்க்கு எங்கம்மா வீட்டுக்குப் போகவா?"

அவர் டின்களை ஒவ்வொன்றாகப் பட்டறைக்குத் தூக்கிப் போய், மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிட வேலையைக் கேட்டு வாங்க எனக்கு ஒன்பது மாதமும் இரண்டு கிலோ மகளும் தேவைப்பட்டது.