பனியனுக்குள் ஒரு பை

சிறுநீரகத்தின் வாசலில் கல் ஒன்று போய் உட்கார்ந்துகொண்டதால், புதுச்சேரி ஆஸ்பத்திரியில் என் முதுகில் துளை போட்டு மெல்லிய குழாய் ஒன்றைச் செருகினார்கள். உள்ளே தேங்கிய சிறுநீர் அதன் வழியாக வெளியே ஒரு பிளாஸ்டிக் பையில் இறங்கும். கிருமி அடங்கியதும் வியாழக்கிழமை கல்லை எடுப்பதாகப் பேச்சு. அதற்குள் குழாய் அடைத்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும், சிறுநீரகமும் கெட்டுப்போகலாம் என்று சொல்லித்தான் ரேடியாலஜி டாக்டரம்மா அனுப்பினார்.

என் கவலை வேறு. மரக்காணம் உப்பளத்தில் நாற்பது பெண்களை வேலை வாங்கும் மேஸ்திரி நான். மூத்திரப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வரப்பில் நடந்தால் யார் என் பேச்சைக் கேட்பார்கள்? நேரே கூனிமேட்டுத் தையல்காரரிடம் போய், பனியனின் உட்பக்கம் நெஞ்சுக்கு நேராக ஒரு பாக்கெட் வைக்கச் சொன்னேன்.

"இவ்ளோ பெரிய பாக்கெட்ல இன்னாண்ணே வெக்கப் போறீங்க?"

"சொத்துப் பத்திரம் பாய்."

பை கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே சட்டை போட்டதும் நான் கொஞ்சம் வசதியான ஆளாகக்கூடத் தெரிந்தேன். அப்படியே உப்பளத்தையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். நலம் விசாரிக்க யாராவது வந்துவிடுவார்கள் என்று படுக்கும்போதும் கழற்றவில்லை.

மறுநாள் பையில் ஒரு சொட்டு இல்லை. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. மதியத்துக்குள் காய்ச்சல் வந்துவிட, என் மனைவி கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நர்ஸ் பையைக் கழற்றி, ஆஸ்பத்திரி அங்கி மாட்டிக் குப்புறப் படுக்க வைத்தாள். டாக்டரம்மா குழாய் வழியாக மருந்தைச் செலுத்தித் திரையில் பார்த்தார்.

"குழாய் நல்லாத்தான் இருக்கு. மடங்கல, அடைக்கல. பைய எங்க மாட்டினு இருந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி கூடையிலிருந்து பனியனை எடுத்து விரித்துக் காட்டினாள். டாக்டரம்மா அந்தப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"பை எப்பவும் இடுப்புக்குக் கீழ இருக்கணும்னு சொன்னேனே. கீழ இருக்கிறது எப்படிங்க மேல ஏறும்? இவர் என்ன வேலை பாக்குறாரு?"

"உப்பளத்துல மேஸ்திரிங்க மேடம். எந்தப் பாத்திக்கு எவ்ளோ சரிவு வெச்சா தண்ணி ஓடும்னு எல்லாருக்கும் இவருதான் சொல்லிக் குடுப்பாரு."

நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குப்புறப் படுத்திருந்ததில் எனக்கு ஒரே வசதி, என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

ஊசி போட்டு இரண்டு நாள் வைத்திருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே பை தானாக நிறைந்தது, காய்ச்சலும் இறங்கியது. வியாழக்கிழமை மாறவில்லை.

புதன்கிழமை, பையைக் கெண்டைக்காலில் கட்டிக்கொண்டு, வேலையைப் பார்த்துவிட்டு வர உப்பளத்துக்குப் போனேன்.

"மேஸ்திரி, கால்ல இன்னாது?"

பனியன் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் பயந்தபடியே பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"அதான் அன்னிக்கு நெஞ்ச நிமித்திக்கினு வந்தாரா? நான்கூட மந்திரி யாரோ வர்றாங்கன்னு நெனச்சேன்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. முதலாளி வந்து என்னிடம் கணீரென்று பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது பாத்தியிலிருந்து குரல் வந்தது.

"மேஸ்திரி, பை முக்காலாச்சு. ஊத்திட்டு வந்து பேசுங்க. நாளைக்கு ஆபரேஷன் இருக்குது இல்ல?"

முதலாளி என் காலைப் பார்த்தார். நான் ஊற்றப் போனேன்.