பூவாய்ச் சுழன்ற வால்நட்சத்திரம்

ஏற்காட்டுக் கடைவீதியில் எங்கள் அத்தையைப் பற்றிச் சில காலம் இருவிதமாகப் பேசப்பட்டது. பள்ளிக் கண்காட்சியில் அவர் பதற்றத்தில் தடுமாறிவிட்டார் என்பது ஒரு பேச்சு. எங்கள் தந்தை ஊரை ஏமாற்றப் பார்த்தார் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. குடும்பத்தின் பெயரை முன்னிட்டு, உடனிருந்து கண்ட நான் நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

அத்தை என் தந்தையின் தங்கை. இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்று, மிஷன் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தார். எண்பதுகளின் நடுவில் அப்பள்ளிக்கு ஒரு கணினி வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் அறைக்குள் நுழைய வேண்டும் என்ற விதியும் உடன் வந்தது. சூரியனை ஒரு வால்நட்சத்திரம் சுற்றிவரும் பாதையை அதில் வரைந்து காட்ட அத்தை ஒரு நிரல் எழுதினார். சுற்றுக்குச் சுற்று அதே வழியில் சென்று, அது ஒரே நீள்வட்டத்தை இட்டிருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பாதை சற்றே திரும்பிக்கொண்டது. சுற்றுகள் கூடக் கூட, திரையில் இதழ் இதழாக ஒரு பச்சைப் பூ விரிந்தது.

“புதுசா இருக்கலாம், இன்னும் பாக்கோணும்” என்றார் அத்தை. முதற்பாதி மட்டுமே தந்தையின் காதில் விழுந்தது. அவர் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பிறர் எழுத்தில் ஒரு புள்ளி விடுபட்டாலும் பொறுக்காதவர். அப்படிப்பட்டவர், தம் தங்கை வானில் புதுவழி கண்டுபிடித்ததாக மளிகைக் கடை பாயிடமும் தபால் நிலைய வாசலிலும் சொல்லிவிட்டார். மீதி ஊருக்குச் செய்தி தானே நடந்து போயிற்று.

“ஏனுங்க ரைட்டரே, உங்க ஊட்டுப் புள்ள வானத்துல பூச்செடி வெச்சிருக்குதாமே?” என்றார் பாய்.

“இது வரைக்கும் யாரும் பாத்ததில்லீங்க பாய்” என்றார் தந்தை, சற்றும் சிரிக்காமல்.

பள்ளித் தாளாளரும் கேள்விப்பட்டார். கண்காட்சியில் அந்தப் பூவைப் பார்த்துவிட்டு, அத்தையின் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி முடிவு செய்வதாகச் சொல்லி அனுப்பினார்.

கண்காட்சி நாளன்று காலை, காப்பி ஆறிக்கொண்டிருக்க, அத்தை தந்தையிடம் உண்மையைச் சொன்னார். கணினி வால்நட்சத்திரத்தைத் தாவல் தாவலாகத்தான் நகர்த்துகிறது. சூரியனுக்கருகில் வேகம் மிகும்போது அத்தாவல்கள் மிகப் பெரிதாகி வழி பிசகுகிறது. அப்பிசகுதான் பூ.

தந்தை ஆறிய காப்பியை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகு, “இன்னைக்கு ஒரு நா பூவாவே இருக்கட்டும் கண்ணு. வேலை நெரந்தரம் ஆவட்டும், அப்பறமாச் சொல்லிக்கலாம்” என்றார்.

“தெரியாம காட்டியிருந்தா அது வேறண்ணா. இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே.”

நான் தந்தையின் பக்கம். என் வகுப்பு முழுவதும் பூவைக் காண வருவதாக இருந்தது.

பிற்பகலில் அறை நிரம்பியது. பூ விரிந்தபோது அனைவரும் கைதட்டினர், தாளாளரும் தட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அத்தை, “இன்னொருக்கா ஓட்டறனுங்க, இப்ப சின்னச் சின்னத் தாவலா” என்று எண்ணை மாற்றினார். இதழ்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டின. தாவலை இன்னும் சிறிதாக்கியதும், திரையில் எஞ்சியது ஒரே ஒரு நீள்வட்டம். கிட்டத்தட்ட முட்டை.

“அப்ப முன்னாடி வந்தது?” என்றார் தாளாளர்.

“தப்புங்க. என் கணக்குலதான் தப்பு.”

“பூவே நல்லா இருந்துச்சுங்க டீச்சர்” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, அறை சிரித்தது. தாளாளர் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தையல் வேலைப்பாடுகள் இருந்த மேசைக்கு நகர்ந்தார். அவ்வாண்டு நிரந்தரப் பணியிடம் வேறொருவருக்குப் போயிற்று.

கண்காட்சி முடிந்ததும் தந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். யார் கண்ணிலும் படாமல் ஏரிப் பக்கமாக வீடு சேர்வோம் என்று நம்பினேன். அவரோ நேரே கடைவீதிக்குள் நுழைந்தார். கடையை விட்டு வர முடியாத பாய்க்கு எதுவும் தெரியாது, சொல்லாமலே இருந்திருக்கலாம்.

“பாய், அந்தப் பூ தப்புங்க.”

“அட, போவுதுங்க ரைட்டரே. நாம என்னத்தக் கண்டோம்.”

“அதுக்கில்லீங்க. வேற ஒருத்தரும் கண்டுபுடிக்கல. தாளாளருக்கே தெரியல. அவளேதான் கண்டுபுடிச்சு, அவளேதான் எல்லார் முன்னாலயும் சொன்னா.”

அடுத்து மருந்துக் கடை. அங்கே யாரும் கேட்கவேயில்லை, அங்கும் சொன்னார். பிறகு தையற்கடை; பிறகு சேலம் பஸ்ஸுக்குக் காத்திருந்த, எங்களை இன்னாரென்றே அறியாத இருவர். “போலாம்ப்பா” என்று நான் கையை இழுத்தபடியே இருந்தேன். எங்கள் மானம் கடை கடையாகக் கப்பலேறுவதாகவே எனக்குத் தோன்றியது. பூவின் பெருமையைச் சொல்ல அவர் ஏறி இறங்கியவை இரண்டே வாசற்படிகள். அன்று மாலை ஒரு கடையையும் விடவில்லை. அது ஏன் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.